மூன்றாவது முங்கல்

பிரிஜா கண் விழித்தபோது முற்றத்தில் ஆள் சத்தம் கேட்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை. பக்கத்தில் ஆன்ட்ரூஸ் இல்லை. நேற்றே எடை பார்த்து, பெயர் எழுதி ஒட்டிய பெட்டி மட்டும் கட்டிலோரம் நின்றது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாகக் கடலுக்குப் போன டைட்டஸ் இன்னும் கரை திரும்பவில்லை. புதன் விடியலில் ஆனைப்பார் என்ற கடலடிப் பாறைத்திட்டுக்கு மேலே அவன் வள்ளம் மட்டும் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அவனுடைய சட்டை, செருப்பு. வலைக் கயிறு கடலுக்குள் விறைப்பாக இறங்கியிருந்தது. அடியில் இருக்கும் பாறையில் வலை மாட்டியிருக்கும், அதை விடுவிக்க முங்கியவன் அங்கேயே சிக்கிக்கொண்டிருப்பான் என்று சூசைத்துறை முழுக்கப் பேசியது. புதன் பூராவும் முப்பது வள்ளங்கள் தேடின. ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

டைட்டஸ் வேறு யாருமல்ல, ஆன்ட்ரூஸின் தங்கை சபிதாவின் கணவன்.

பிரிஜா முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். நடுவில் மணலில் சபிதா கிடந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் செசிலி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் எதிரே, குற்றம் செய்தவன் மாதிரி, ஆன்ட்ரூஸ்.

கத்தாரில் கப்பல்களுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் டைவர் அவன். பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில் நின்று நிதானமாகத் தேட, துறையில் அவனை விட்டால் ஆளில்லை. சிலிண்டர்களும் வந்துவிட்டன. குளச்சலில் முங்கல் வேலை செய்யும் சிநேகிதன் டெல்வின் நான்கைக் கொண்டுவந்து வள்ளத்தில் ஏற்றியிருந்தான்.

"எறங்க மாட்டேன்னு நான் பறயல்ல," என்றான் ஆன்ட்ரூஸ். "இன்னைக்கு எறங்கப்பிடாதுன்னுதான் பறயுதேன். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு எனக்குப் பிளேன்."

"பிளேன் சாயங்காலம்தானே? இப்பம் விடியல்லியே!" என்றார் ஒருவர்.

"அதில்ல மாமா. அடியில போனா அமுக்கத்துல காத்து ரெத்தத்துக்குள்ள ஏறும். மேல வந்த பெறவு மெள்ள மெள்ளத்தான் அது போவும். போவதுக்கு முன்ன பிளேன்ல ஏறினா, அங்க அமுக்கம் கொறவு. சோடாவத் தொறந்தது கணக்கா ஒடம்புக்குள்ள குமிழு வரும். மூட்டுல வந்தா வலி. நட்டெல்லுல வந்தா காலு போவும். தலையில வந்தா ஆளே இல்ல."

"நாங்களும் சிப்பி எடுக்க முங்குதோம். எந்தக் குமிழும் வரல்லியே?"

"மூச்சப் பிடிச்சு முங்கதும் சிலிண்டர் காத்து குடிச்சுட்டு முங்கதும் ஒண்ணில்ல மாமா."

மணலில் கிடந்த சபிதா தலையைத் தூக்கினாள். இரண்டு நாள் அழுகையில் முகம் வீங்கிக் கண் இருக்கும் இடமே தெரியவில்லை.

"ஏண்ணே, ஒனக்க குமிழு பெருசா? எனக்க மாப்பிளக்க சவம் பெருசா?"

பிரிஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"சபிதா, அவருக்கு விசா இன்னைக்கு ராத்திரியோட முடியுது. ஊருக்கு வந்து ஆறு மாசம் தெகஞ்சாச்சு. நாளைக்குப் போனா உள்ள விடமாட்டான். வேற டிக்கெட்டும் இல்ல. அதனாலதான்..."

"ஏட்டி, வாய மூடு." செசிலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வீட்டுல காலெடுத்து வச்சு அஞ்சு மாசம் ஆவல்ல. எனக்க வீட்டுச் சவத்துக்கு நீ நேரம் குறிக்கியா? தக்கலையில அரிசிக் கடையில இருந்தவளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

பிறகு மகனிடம், குரலை உயர்த்தாமல் பேசினாள். "ஒனக்க அப்பனக் கடலு எடுத்து மூணாம் நாளு கரையில தள்ளிச்சு. மொகம் இல்ல. மீனு தின்னிருந்துது. பாதத்தப் பாத்துத்தான் நான் அடையாளம் பறஞ்சேன். அந்தக் கெதி இவளுக்கும் வரணுமா? இன்னைக்கு நீ எறங்கல்லன்னா, நான் செத்தா மண்ணு போட வராத."

ஆன்ட்ரூஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒரு தடவ," என்றான். "ஆறு மணிக்கு எறங்கி ஆறே காலுக்கு ஏறீருவேன். ஒரே ஒரு முங்கலுன்னா பெறவு பிளேன் ஏறதுக்குப் பன்னெண்டு மணிக்கூறு கழிஞ்சாப் போதும்னு கணக்கு. ரெண்டாச்சுன்னா பதினெட்டு வேணும். அதுக்கு மேல கேக்கப்பிடாது."

அவன் வள்ளத்தில் ஏறும்போது பிரிஜா அவன் கையைப் பிடித்தாள். துறையே பார்க்கிறது என்று தெரிந்தும் விடவில்லை.

"ஒண்ணுதான். சத்தியம் பண்ணுங்க."

"ஒண்ணுதான்," என்றான் அவன்.

ஆறரைக்கு டெல்வினிடமிருந்து போன் வந்தது. வலையைக் கண்டுபிடித்து அறுத்துவிட்டார்கள். வலையில் ஆளில்லை. ஆன்ட்ரூஸ் பத்திரமாக மேலே ஏறிவிட்டான்.

பிரிஜா சிலுவை போட்டுக்கொண்டாள். டைட்டஸ் கிடைக்காததில் அவளுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் புருஷன் ஏறிவிட்டான் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்காக அவளே வெட்கப்பட்டாள்.

வள்ளங்கள் உடனே திரும்பவில்லை. அங்கேயே நின்று மேலாகத் தேடிக்கொண்டிருந்தன. கரையில் கூட்டம் கூடியது. கூட்டம் கூடினால் பேச்சும் கூடும்.

"வலையிலயும் இல்ல, மேலயும் வரல்ல. மூணாம் நாளுல்லா?" என்றது ஒரு குரல்.

"சவம் இல்லன்னா வேற கதையும் உண்டு கேட்டியா. டைட்டஸப் பத்தி முன்னமே ஒரு பேச்சு நடந்துது."

"கொல்லத்துல ஒருத்தி..."

பேசியவர்கள் செசிலியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் அது செசிலியின் காதில் விழுந்துவிட்டது. அவள் தாடை இறுகுவதைப் பிரிஜா கவனித்தாள்.

ஒன்பது மணிக்குச் செசிலியின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவள் எழுந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்களுக்குப் பின்னால் போனாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினாள். முகத்தில் இரத்தமே இல்லை. யாரோ துக்கம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து, பிரிஜா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். செசிலி வாங்கவில்லை. கடலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கரையில் நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

பிறகு தன் போனை எடுத்து டெல்வினைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்ரூஸுகிட்டக் குடு. மக்கா, பாருக்கு மேக்க பக்கம் பாத்தியா? பாக்கல்லியா? பெறவு என்னத்தத் தேடின?"

பிரிஜா ஓடிவந்தாள். "மாமி, ஒண்ணுன்னு சொல்லித்தானே போனாரு! ரெண்டாச்சுன்னா பிளேன்ல ஏறப்பிடாது!"

செசிலி அவளைத் தோளால் தள்ளிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி போனில் சொன்னாள். "கரையில நின்னு கண்டவனும் கண்டதும் பறயுதான் மக்கா. ஒனக்க தங்கச்சிக்க மானம் போவுது. எனக்க மருமோன் அடியிலதான் கெடக்கான். நீ எறங்கு."

ஒன்பதரைக்கு அவன் இரண்டாவது முறை இறங்கினான். கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு மூன்றாவது முறை. பாருக்குக் கீழே ஒரு பிளவு உண்டு. பதினெட்டுப் பாகம் ஆழம். அதற்குள் பார்க்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்றாள் செசிலி. பிரிஜா போனைப் பிடுங்கப் போனாள். பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "புருசன் மேல ஆச இருக்கட்டும் பிள்ளே, எழவு வீட்டுல கொஞ்சம் அடக்கமா நில்லு," என்றாள் ஒருத்தி. யாரோ இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு ஆன்ட்ரூஸ் கரையேறினான். உதடு வெளுத்திருந்தது. மணலில் உட்கார்ந்தவன் எழவில்லை.

சபிதா அவனிடம் ஓடினாள். அவன் தலையை ஆட்டினான். அவள் மணலை வாரி வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

டெல்வின் குனிந்து மெதுவாகச் சொன்னான். "லேய், இன்னைக்கு நீ பிளேன்ல ஏறினா செத்துருவ. மூணு முங்கலு. கடைசியில முப்பத்துமூணு மீட்டரு. ஒரு நாளு முழுசும் கழியணும். ஒனக்குத் தெரியாததில்ல."

"தெரியும்," என்றான் ஆன்ட்ரூஸ். "நான் போவல்ல."

அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் பேசியவன் மரியாதையாகவே சொன்னான். இன்றிரவு பன்னிரண்டுக்குள் வந்து இறங்காவிட்டால் விசா போய்விடும். அவன் இடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறது. மன்னிக்கவும்.

"போட்டும்," என்றான் ஆன்ட்ரூஸ், போனை வைத்துவிட்டு. பிரிஜாவைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். "ஒடம்பு இருந்தா வேற வேல கெடைக்கும்."

கல்யாணமான ஐந்து மாதத்தில் பிரிஜா அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும்தான் நிலைத்தது.

"போவல்லியா?" செசிலி வாசலை மறித்து நின்றாள். "டைட்டஸ் போயாச்சு. சபிதாவையும் அவளுக்க பிள்ளையையும் இனி ஆரு பாக்கது? நானா? நீயும் வேலையில்லாம இஞ்ச நின்னா எல்லாரும் சேந்து கடல்ல சாடவா?"

"அம்மா, நான் ஏறினா..."

"ஏறினா என்ன? காலைலேருந்து மூணு தடவ முங்கின. ஒனக்கு என்ன வந்துது? நல்லாத்தானே நிக்க?"

"மாமி, அது இப்பம் தெரியாது. மேல போனாத்தான் தெரியும்," என்றாள் பிரிஜா. "டெல்வின்கிட்டக் கேளுங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு..."

செசிலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். முற்றத்தில் துக்கத்துக்கு வந்த பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

"ஒனக்கு இன்னும் கட்டில் சூடு ஆறல்ல. அதுதான் காரியம். ஒருத்தி தாலி போய் மண்ணுல கெடக்கா, இவளுக்கு மாப்பிள கூடக் கெடக்கணும்."

யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அம்மாவைப் பேசவிட்டு நிற்பது, அப்பா போன ஒன்பது வயதிலிருந்து ஆன்ட்ரூஸுக்குப் பழக்கம். உள்ளே போனான். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"வில்பிரட் அண்ணனுக்க காரக் கூப்பிடு," என்றான் பிரிஜாவிடம். "போலாம்."

மார்த்தாண்டம் பாலம் தாண்டியபோதுதான் அவன் வலது முழங்கையைத் தடவ ஆரம்பித்தான். பாறசாலையில் தோளைத் தடவினான்.

"வலிக்கிதா?"

"சிலிண்டர் தூக்கினதுதான்."

"சத்தியமாட்டு?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரிஜா கெஞ்சினாள், அழுதாள், வண்டியைத் திருப்பச் சொல்லி வில்பிரட் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "அவன் பறயட்டும் மக்ளே, நான் திருப்புதேன்," என்றார் அவர். ஆன்ட்ரூஸ் பறயவில்லை.

நாலு மணிக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் நுழைந்தான். பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிக் கையசைத்தான்.

வண்டி திரும்பி நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து அவளுக்குப் போன் வந்தது.

"பிரிஜாக்கா... வைக்காத. நான் டைட்டஸ்."

"நீங்க... உயிரோட..."

"செத்துப் போவல்ல. ஒரு போட்டுல ஏறிக் கொல்லம் வந்தேன். கதை பறயதுக்கு நேரமில்ல. இஞ்ச பாரு, மச்சான் முங்குத வீடியோ எனக்கும் வந்துது. மூணு தடவ முங்கினாராமே! எதுக்கு? நான் காலைல ஒம்பது மணிக்கே மாமிகிட்டக் கூப்பிட்டுப் பறஞ்சேனே, நான் உயிரோடதான் இருக்கேன், தேடதுக்கு ஆள விடாதீங்கன்னு. எனக்கு இஞ்ச வேற ஒரு வாழ்க்கை ஆயிப்போச்சு, சபிதாகிட்ட நீங்களே பதமாட்டு எடுத்துப் பறயுங்கன்னும் பறஞ்சேன்."

"ஒம்பது மணிக்கா?"

"ஒம்பதுக்கு. மாமி ஒண்ணும் பறயல்ல. 'நீ செத்தவனாவே இரு'ன்னு மட்டும் பறஞ்சிட்டு வச்சிட்டா."

பிரிஜா போனை அணைத்தாள். வள்ளங்களுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்த செசிலியின் முகம் கண்முன் வந்தது. வில்பிரட் அண்ணன் கேட்காமலேயே வண்டியைத் திருப்பினார்.

ஆன்ட்ரூஸ் போனை எடுக்கவில்லை. பதினோராவது தடவை எடுத்தான்.

"செக்கிங்ல நின்னேன். என்ன?"

"டைட்டஸ் உயிரோட இருக்காரு. எனக்குக் கூப்பிட்டாரு. கொல்லத்துல ஒருத்திகூட இருக்காரு. ஆரு செத்தாருன்னு நீங்க போறீங்களோ, அந்த ஆளு சாவல்ல! ஏறாதீங்க. வெளிய வாங்க. நான் வாசல்ல வந்து நிக்கேன்."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் ஆன்ட்ரூஸ்.

பொய் சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ முறை அதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள். ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் இருந்தது.

"ஒம்பது மணிக்கே தெரியும். அவரே கூப்பிட்டுப் பறஞ்சிருக்காரு."

"ரெண்டாவது நான் எறங்கினது ஒம்பதரைக்கு."

"ஆமா."

"மூணாவது பதினொண்ணுக்கு."

"ஆமாங்க. ஆமா. இப்பம் வாங்க. கை எப்பிடி இருக்கு?"

"கையா? தொட்டாத் தெரியல்ல." ஏதோ அடுத்தவன் கையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். "வெளிய வந்து எஞ்ச போணும் பிரிஜா? அந்த வீட்டுக்கா? அந்தப் பெத்த தள்ளைக்க மொகத்துல முழிக்கவா?"

"எங்க அப்பா வீட்டுக்குப் போலாம்! எங்கயாவது போலாம்!"

"நீ போ. ஒனக்கு விசா எடுத்து அனுப்புதேன். இனி அந்தக் கரைக்கு நான் வரமாட்டேன்."

போன் அணைந்தது. மறுபடி அடித்தபோது இணைப்பே கிடைக்கவில்லை.

அவனைத் தடுக்கத்தான் அவள் அந்தச் சேதியைச் சொன்னாள். அதே சேதி அவனை ஏற்றி அனுப்பிவிட்டது.

நிலைய வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆறரை. காவலரிடம் அழுதாள். அவர் வெளியே இருந்த டிக்கெட் சன்னலைக் காட்டினார். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போன் போட்டுப் பேசினாள். "கதவு அடைத்துவிட்டார்கள். பைலட்டிடம் தகவல் சொல்கிறோம்," என்று மலையாளத்தில் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. விமானம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு மேற்கே ஏறிப் போனது.

சூசைத்துறைக்கு வந்தபோது மணி எட்டரை. வீட்டில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. டைட்டஸின் கல்யாணப் போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். சபிதாவுக்கு வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். செசிலி முன்வரிசையில் முழங்காலில் நின்று உரத்த குரலில் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரிஜா பெண்களைத் தாண்டி உள்ளே வந்தாள். செசிலி அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெளிய வா. பறயுதேன்."

"இஞ்சயே பறயுங்க."

செசிலி அவள் காதருகே குனிந்தாள். முதல் தடவையாக அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. "கடலு எடுத்தவனுக்க பொண்டாட்டின்னா கரை எந்திரிச்சு நிக்கும். நான் அப்பிடித்தான் இருவது வருசம் வாழ்ந்தேன். ஓடிப்போனவனுக்க பொண்டாட்டின்னா நாயிகூட மதிக்காது. எனக்க மோளு அந்த வாழ்க்கை வாழப்பிடாது. பறயாத. ஒனக்குக் கும்பிடுதேன்."

"ஒங்க மோனு?"

"அவன் தெடமுள்ளவன். அவனுக்கு ஒண்ணும் வராது."

இதைக் கேட்டபிறகு பிரிஜாவுக்குள் இரக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. போனை எடுத்தாள். மாலையில் வந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சபிதாவின் மடியில் வைத்தாள்.

மறுமுனையில் மூன்று முறை மணி அடித்தது.

"ஹலோ, பிரிஜாக்காவா? மச்சான் பிளேன் ஏறியாச்சா?"

செபம் நின்றது. சபிதா போனைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைச் சிரிப்பென்றும் சொல்லலாம், அலறலென்றும் சொல்லலாம்.

"இஞ்சருங்க! நீங்களா? எனக்க மாதாவே! உயிரோட இருக்கியளா? எஞ்ச இருக்கிய? அடிபட்டுட்டா? இப்பமே வாறேன், நான் இப்பமே..."

அவனுக்குப் பின்னாலிருந்து இளம் பெண்குரல் ஒன்று மலையாளத்தில் கேட்டது. "ஆராணு சேட்டா? வா, சோறு உண்ணாம்."

இணைப்பு அறுந்தது.

சபிதா வெள்ளைச் சேலையின் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பிரிஜாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க பிரிஜாவால் முடியவில்லை.

"மைனி, எனக்கு அவரு சவமாட்டே இருந்திருப்பாரே. ஏன் கேக்க வச்ச?"

பின்வரிசையில் குசுகுசுப்பு கிளம்பியது. ஒருத்தி எழுந்து போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். காலையில் பிரிஜாவைப் பிடித்துக்கொண்ட பெண்களில் இரண்டு பேர் செபப் புத்தகத்தை மூடிவிட்டு நகர்ந்தார்கள். செசிலி எதற்காகப் பயந்தாளோ, அது அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"இப்பம் மனசு நெறஞ்சுதா ஒனக்கு?" என்றாள் செசிலி.

பிரிஜா வாய் திறக்குமுன் சபிதாவின் மடியில் போன் மறுபடி அடித்தது. திருவனந்தபுரத்து எண். ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை.

"ஆன்ட்ரூஸின் வீடா? விமான நிலைய டாக்டர் பேசுகிறேன். விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் திரும்பி இப்போதுதான் இறங்கியது. உங்கள் ஆளுக்கு இரண்டு காலும் அசையவில்லை. பேச்சும் தெளிவில்லை. ஏதோ டைவ் என்று சொல்கிறார். இன்று கடலில் இறங்கினாரா? எத்தனை முறை? எவ்வளவு ஆழம்? கடைசியாக எப்போது? அழுத்த அறை இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். சரியாகச் சொல்லுங்கள், நேரமில்லை."

பிரிஜா போனை எடுத்தாள். அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனைச் செசிலியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கேக்காங்க மாமி. எறக்கி விட்டது நீங்கதானே. பறயுங்க. எத்தன தடவ?"

செசிலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அறையில் மிச்சமிருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"மூணு," என்றாள். குரல் வெளியே வரவில்லை.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"மூணு! மூணு தடவ. கடைசி பதினொரு மணிக்கு. பதினெட்டுப் பாகம்... எனக்க மோனு பிழைப்பானா டாக்டரே?"

"உடனே புறப்பட்டு வாருங்கள்," என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

பிரிஜா வாசலைத் தாண்டி ஓடினாள். வில்பிரட் அண்ணன் வண்டியை முடுக்கியிருந்தார். அவள் ஏறிக் கதவை இழுத்தபோது செசிலியும் வந்து கதவைப் பிடித்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"நானும் வாறேன். எனக்க பிள்ள. நான் பெத்த பிள்ள."

பிரிஜா அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தாள்.

"நீங்க இஞ்சயே நில்லுங்க. ஒங்க மருமோனுக்குச் செபம் இன்னும் முடியல்லியே."

வண்டி நகர்ந்தது. செசிலி செருப்பில்லாத காலோடு பின்னால் ஓடிவந்தாள். வில்பிரட் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தண்டாம் அண்ணே," என்றாள் பிரிஜா.